அப்பாவுக்கு ஒரு ஜூம் கேமரா: 83 எக்ஸா, 125 எக்ஸா, இல்லை வேறு ஏதாவதா?

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 67. கொஞ்ச காலமாகப் பறவை பார்க்கும் பித்து பிடித்திருக்கிறது. விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து கூந்தன்குளம், விஜயநாராயணம் என்று கிளம்பிவிடுவார். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் போகிறார். கையில் எட்டு மடங்கு பைனாகுலர் இருக்கிறது. இப்போது கேமரா வேண்டும் என்கிறார்.

பட்ஜெட் 70,000 ரூபாய். லென்ஸ் மாற்றுகிற வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கண்ணாடி போடுவார், கை லேசாக நடுங்கும். இன்னொன்று, அண்ணன் மகளுக்கு ஏப்ரலில் அரங்கேற்றம். அதையும் இதே கேமராவில் எடுத்துவிடலாம் என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள்.

கடையில் கேட்டால் "எக்ஸ் எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லது" என்று 125 எக்ஸைக் காட்டுகிறார். ஆன்லைனில் 7,000 ரூபாய்க்கே "48 மெகாபிக்சல், 16 எக்ஸ் ஜூம்" என்று ஒன்று வருகிறது. தலை சுற்றுகிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கூழைக்கடா:

அந்த 7,000 ரூபாய் சமாச்சாரத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். அதில் இருப்பது டிஜிட்டல் ஜூம். லென்ஸ் இம்மியும் நகராது. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, இழுத்துப் பெரிதாக்கித் தரும். அதை வீட்டுக்கு வந்து கணினியில் நாமே செய்துகொள்ளலாமே! விவரத்தில் "ஆப்டிகல்" (லென்ஸே நகர்ந்து பெரிதாக்குவது) என்று எங்கும் போடவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். நல்ல கேமராக்களிலும் ஆப்டிகல் முடிந்த பிறகு டிஜிட்டல் ஜூம் தொடரும். மெனுவில் போய் அதை அணைத்துவிடுவது என் வழக்கம்.

அடுத்தது எக்ஸ். அது தூரத்தின் அளவு இல்லை, வெறும் விகிதம். லென்ஸின் நீளமான முனையின் குவியத்தூரத்தைக் குட்டையான முனையினதால் வகுத்தால் வருவது. அதை மி.மீ.யில் சொல்வார்கள், கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். பானாசோனிக் எஃப்இசட்82 இருக்கிறதே, 20 மி.மீ.யில் தொடங்கி 1200இல் முடிகிறது, 60 எக்ஸ். கேனான் எஸ்எக்ஸ்70, 21இல் தொடங்கி 1365, 65 எக்ஸ். நிக்கான் பி950, 24இலிருந்து 2000, 83 எக்ஸ். கடைக்காரர் காட்டிய 125 எக்ஸ் நிக்கான் பி1000 ஆகத்தான் இருக்கும், 24இலிருந்து 3000. 2025இல் வந்த பி1100 என்றாலும் லென்ஸ் அதே கணக்குத்தான். இதுவே 24இல் தொடங்கும் 60 எக்ஸ் ஒன்று இருந்தால் 1440 வரை போகும். அதனால் எக்ஸை விட்டுவிட்டுக் கடைசி மி.மீ.யை மட்டும் பாருங்கள்.

அந்த மி.மீ. களத்தில் என்ன செய்யும் என்று தெரிய ஒரு சின்னக் கணக்கு போதும். 36ஐ மி.மீ.யால் வகுத்து, பறவை இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். படச் சட்டத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்று வந்துவிடும். 100 மீட்டர் தள்ளி என்றால் 400 மி.மீ.யில் 9 மீட்டர் அகலம். 600இல் 6 மீட்டர். 1365இல் 2.6 மீட்டர். 2000இல் 1.8 மீட்டர். 3000இல் 1.2 மீட்டர். சங்குவளை நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். சிறு மீன்கொத்தி ஒரு சாண்கூட வராது.

இப்போது என் கேள்வி. அப்பா கூந்தன்குளத்தில் எந்தப் பறவையை எடுக்கப் போகிறார்? ஊருக்குள் வீட்டு மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரைகளையா, குளத்துக்கு நடுவில் மிதக்கும் வரித்தலை வாத்துகளையா? ஒரே ஊர்தான், ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு கேமரா.

பிக்சல்பித்தன்:

70 ஆயிரம் கொடுத்து விரல் நகத்தைவிடச் சின்ன சென்சாரையா (ஒளியைப் படமாக்கும் சில்லு) வாங்குவது? பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்று, கூட ஒரு 70-300 லென்ஸ். நிக்கான் பாடியில் சென்சார் பழைய பிலிமைவிடச் சின்னது, அதனால் 1.5 மடங்கு கணக்கு, 450 மி.மீ. வந்துவிடும். கேனான் 55-250 போட்டால் 400. படத்தின் தரம் எங்கேயோ போய்விடும். பறக்கும் பறவையையும் பிடிக்கலாம். லென்ஸ் கழற்ற முடியாத இந்த பிரிட்ஜ் கேமராக்களில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 தாண்டினாலே இறகெல்லாம் வாட்டர்கலர்.

இல்லையென்றால் பேசாமல் நல்ல போன் வாங்குங்கள். 100 எக்ஸ் இருக்கிறது 😄

கூழைக்கடா:

பித்தன், போனில் 100 எக்ஸ் என்று எழுதியிருப்பதில் ஆப்டிகல் எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்களேன். சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் 10 எக்ஸ், அதாவது 230 மி.மீ. எஸ்24 அல்ட்ராவில் அதையும் 5 எக்ஸாகக் குறைத்துவிட்டார்கள், 111 மி.மீ. மீதியெல்லாம் வெட்டி இழுத்து, மென்பொருள் ஊகித்து வரைவது. 2023இல் சாம்சங் போனில் எடுத்த நிலாப் படம் நிஜமா, மென்பொருள் வரைந்ததா என்று பெரிய சண்டையே நடந்தது. உள்ளான் கூட்டத்தில் எது எந்த உள்ளான் என்று கேட்டால் மென்பொருளின் ஊகம் உதவாது. தவறான இனத்தைச் சொல்லும் அளவுக்கு இறகைத் திருத்தி வைத்துவிடும்.

டிஎஸ்எல்ஆர் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் கேட்டவர் லென்ஸ் மாற்றும் வேலை வேண்டாம் என்கிறார்.

பிக்சல்பித்தன்:

மாற்றவே வேண்டாமே. 70-300ஐ மாட்டிவிட்டு அப்படியே விட்டுவிடலாம்.

கூழைக்கடா:

அப்போது குளத்தின் முழுக் காட்சி? அரங்கேற்றத்தில் குடும்பமாக நின்று எடுக்கும் படம்? அதற்கு இன்னொரு லென்ஸ், இன்னொரு பை. சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வருகிறோம்.

லென்ஸ்தாத்தா:

பொருநைக்கரை அம்மா, நான் ஸ்டூடியோ வைத்திருந்தவன். பிலிம் காலம். எனக்கு எக்ஸும் புரியாது, மெகாபிக்சலிலும் நம்பிக்கை இல்லை. ஒரு கேமராவைக் கையில் கொடுத்தால் லென்ஸின் முன்விளிம்பில் எழுதியிருப்பதைத்தான் முதலில் படிப்பேன். அதில் பொய் இருக்காது.

பி950இன் விளிம்பில் 4.3-357 என்று இருக்கும். அதுதான் லென்ஸின் உண்மையான குவியத்தூரம். 2000 என்பது, பழைய 35 மி.மீ. பிலிமில் இதே காட்சி வர எவ்வளவு தேவைப்படும் என்று மாற்றிச் சொன்ன எண். பக்கத்திலேயே 2.8-6.5 என்று இருக்கும், அது எஃப் எண். 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55. முழு ஜூமில் ஒளி நுழைகிற வாயின் விட்டம் 55 மி.மீ. என்று அர்த்தம்.

இதே கணக்கை மற்றதற்கும் போட்டுப் பாருங்கள். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, 8.8-220, எஃப்/4. வகுத்தால் அதே 55! பி1000, 539ஐ 8ஆல் வகுத்தால் 67. கேனான் எஸ்எக்ஸ்70, 247ஐ 6.5ஆல் வகுத்தால் 38. பானாசோனிக் எஃப்இசட்300, 108ஐ 2.8ஆல் வகுத்தால் அதுவும் ஏறக்குறைய அதேதான். பானாசோனிக் எஃப்இசட்1000, 146ஐ 4ஆல் வகுத்தால் 36.5.

தூரத்துப் பறவையின் இறகு தெரியுமா தெரியாதா என்பதை இந்த வாய்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஒளி ஒரு துளை வழியாக வரும்போது கொஞ்சம் சிதறும், அது இயற்கை. துளை சின்னதானால் சிதறல் கூடும். அதற்கு மேல் எத்தனை மெகாபிக்சல் வைத்தாலும் அந்த மங்கலைத்தான் பெரிதாகக் காட்டும். அதனால்தான் 2000 மி.மீ. நிக்கானும் 600 மி.மீ. சோனியும் பேப்பரில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் என்றாலும், சோனி படத்தை வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த அளவு வித்தியாசம் இருக்காது. நிக்கான் முந்தும், சந்தேகமில்லை. மூன்று மடங்கெல்லாம் முந்தாது.

சென்சார் கதை தனி. பி950, எஸ்எக்ஸ்70, எஃப்இசட்300 எல்லாவற்றிலும் இருப்பது சுமார் 6.2க்கு 4.6 மி.மீ. சென்சார். ஆர்எக்ஸ்10, எஃப்இசட்1000 இரண்டிலும் ஒரு அங்குலம் என்று சொல்லும் 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பில் நான்கு மடங்கு. மேடை, மாலை வெளிச்சம், திருமண மண்டபம் இதற்கெல்லாம் அந்த நான்கு மடங்குதான் காப்பாற்றும். அரங்கேற்றத்துக்கு 2000 மி.மீ. எதற்கு? 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால்கூட 200 மி.மீ.யில் நாட்டியமாடும் பெண் தலை முதல் கால் வரை அடங்கிவிடுவாள், மேலும் கீழும் இடமும் இருக்கும்.

ஆக ஒரு கேமராவிடம் இரண்டு எதிரெதிர் வேலை கேட்கிறீர்கள். குளத்துக்கு நீளம் வேண்டும், மேடைக்கு அகன்ற சென்சார் வேண்டும். இரண்டும் ஒன்றாக ஓரளவு இருப்பது ஆர்எக்ஸ்10 மார்க் 4. அதைப் புதிதாக வாங்க உங்கள் பட்ஜெட் போதாது.

மன்னார்க்காரன்:

தாத்தாவின் கணக்கு நல்ல விளக்கம். நான் ஒன்று சேர்க்கிறேன். இங்கே மன்னாரில், வங்காலைப் பக்கம் பூநாரைகள் வரும் காலத்தில் நீளமான கமராவோடு நிறையப் பேர் வருவார்கள். காலை ஒன்பது மணிக்குப் பிறகு எடுத்த படங்களைக் கொண்டுவந்து "போகஸ் பிழைக்கிறது, கமரா பழுது" என்று சொல்வார்கள். கமராவில் பிழை இல்லை. வெட்டை வெளியில் வெயில் ஏறினால் நிலத்திலிருந்து சூடான காற்று எழும்பி நெளியும். 2000 மி.மீ.யில் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகும். பூநாரையின் கால் பாம்பு மாதிரி வளைந்து நிற்கும்.

இதற்கு எந்தக் கமராவிலும் மருந்து இல்லை. விடியற்காலை போக வேண்டும், இல்லாவிட்டால் மழை பெய்து ஓய்ந்த பிறகு. அதனால் 3000 மி.மீ. வாங்கினாலும் எங்கள் மாதிரியான இடங்களில் அதை முழுதாகப் பாவிக்கக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். 2000க்கு மேல் காசு கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கூழைக்கடா:

வழிமொழிகிறேன். எடையையும் பாருங்கள். பி950 ஒரு கிலோ. பி1000 ஒரு கிலோ 400 கிராமுக்கு மேல். கை நடுங்குகிறவர் கழுத்தில் அந்த 400 கிராம் பெரிய விஷயம். எஸ்எக்ஸ்70 சுமார் 600 கிராம்தான், அதுதான் அதன் பெரிய பலம்.

பொருநைக்கரை:

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை, நன்றி. தாத்தா சொன்ன வகுத்தல் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவரே ஒரு தாளில் போட்டுப் பார்த்து ரசித்தார்.

கூழைக்கடா அண்ணா கேட்ட கேள்வியையும் கேட்டேன். "மரத்து நாரையை எடுக்க எனக்குக் கேமராவே வேண்டாம், அது வீட்டு மொட்டைமாடியிலிருந்து கண்ணுக்கு நேரே நிற்கிறது" என்கிறார். அவருக்கு வேண்டியது குளத்துக்குள் தூரத்தில் இருப்பது. கருவால் மூக்கனா வேறு ஏதாவதா என்று பைனாகுலரில் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் புத்தகத்தைப் புரட்டிச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாராம். வரித்தலை வாத்தின் கழுத்தில் பட்டை இருந்தால் அதில் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டுமாம். மங்கோலியாவில் மாட்டி விடுகிறார்களாமே? படம் சுவரில் மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசையில்லை என்று திட்டமாகச் சொல்லிவிட்டார்.

கூழைக்கடா:

அப்படியானால் பாதி முடிந்துவிட்டது. அப்பாவுக்கு வேண்டியது நாங்கள் ரெக்கார்டு ஷாட் என்போமே, அது. இனம் தெரிய வேண்டும், அலகின் நீளம் தெரிய வேண்டும், பட்டை எண் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆம், மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. பட்டை எழுத்தைப் படித்து அனுப்பினால் அந்தப் பறவை கடந்து வந்த பாதையில் அப்பாவின் குளமும் ஒரு புள்ளியாகச் சேரும்.

இந்த வேலைக்கு டிஎஸ்எல்ஆரும் 300 மி.மீ. லென்ஸும் சரிப்படாது. பித்தன் கோபிக்க வேண்டாம். பட்டையில் எழுத்து இருக்கிறது என்று தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. சின்ன சென்சார், நீண்ட லென்ஸ், காலை வெளிச்சம், உட்கார்ந்திருக்கும் பறவை: இந்த நான்கும் சேர்ந்தால் பி950 வகைக் கேமராவை இந்த விலையில் எதுவும் வெல்லாது.

பிக்சல்பித்தன்:

கோபமெல்லாம் இல்லை 🙂 உட்கார்ந்திருக்கும் பறவை என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பா ஒரு நாள் ஆலாவைப் பறக்கும்போது எடுக்க ஆசைப்படுவார் பாருங்கள். அன்றைக்கு இந்தக் கேமரா அழ வைக்கும். அதன் ஃபோகஸ் முறை ஒளி-நிழல் மாறுபாட்டைத் தேடித் தேடி முன்னும் பின்னும் ஓடுவது. நொடிக்கு 7 படம் என்று போட்டிருக்கும், 10 படத்தோடு நின்றுவிடும். அதை கார்டில் எழுதி முடிக்கும் வரை நாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆர்எக்ஸ்10 மார்க் 4 மட்டும்தான் இந்தக் கூட்டத்தில் விதிவிலக்கு, நொடிக்கு 24 படம், ஃபோகஸும் வேறு வகை.

கூழைக்கடா:

அது உண்மை, ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. பறக்கும் பறவைதான் முக்கியம் என்கிறவர் பி950 பக்கம் வரக் கூடாது.

லென்ஸ்தாத்தா:

அரங்கேற்றத்தை என்ன செய்வதாக உத்தேசம்?

பொருநைக்கரை:

அதைத்தான் வீட்டில் பேசினோம். அண்ணி எப்படியும் போட்டோகிராபர் ஏற்பாடு செய்கிறார். அப்பா எடுக்கிற படம் கூடுதல் ஆசை, அவ்வளவுதான். முதல் வரிசையில் உட்கார்ந்து போனில் எடுத்தால் போதாதா?

லென்ஸ்தாத்தா:

தாராளமாகப் போதும். முதல் வரிசை என்றால் இன்றைய நல்ல போன்கள் மேடை வெளிச்சத்தில் அந்தச் சின்ன சென்சார் கேமராக்களை ஓட்டிவிடும். ஆடும் கை கால் அசங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/250 ஆவது வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது அபிநயத்தில் நிற்கும் நொடிக்குக் காத்திருந்து எடுக்கச் சொல்லுங்கள். அவர் தமிழாசிரியர், பதம் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா!

ஒரே மாட்டை இரண்டு வண்டியில் பூட்டுகிற மாதிரி, ஒரு கேமராவிடம் இரண்டு வேலை கேட்க வேண்டாம்.

கோடியக்கரை:

தாமதமாக வருகிறேன். பழைய கேமரா வாங்கலாமா என்று யாரும் பேசவில்லையே? பி950க்கு முந்தையது பி900, 2015இல் வந்தது. லென்ஸ் அதே 24-2000, சென்சாரும் அதே 16 மெகாபிக்சல். பழையது பாதி விலைக்கே கிடைக்கும். ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுக்காது, 4கே வீடியோ இல்லை, வியூஃபைண்டர் (கண்ணை ஒட்டிப் பார்க்கும் சின்னத் திரை) கொஞ்சம் சுமார். இனம் காணத்தான் என்றால் இதிலெல்லாம் என்ன குறைந்துவிடும்?

கூழைக்கடா:

மற்றதை விடுங்கள், வியூஃபைண்டரை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பி900இல் 9 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், பி950இல் 23 லட்சத்துக்கு மேல். கண்ணாடி போட்ட 67 வயதுக்காரர் குளத்துக்கு நடுவில் ஒரு பழுப்பு நிற உள்ளானைத் தேடும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வெயிலில் பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கையை நீட்டிப் பிடித்தால் 2000 மி.மீ.யில் பறவை சட்டத்துக்குள் நிற்கவே நிற்காது. கேமராவைப் புருவத்தில் ஒட்டி வைத்தால்தான் கை நடுக்கம் பாதியாகும்.

பழையது வாங்குவதில் எனக்கு வேறு பயமும் உண்டு. இந்த வகையில் லென்ஸைக் கழற்ற முடியாது. உள்ளே தூசியோ பூஞ்சையோ போனால் நாமே துடைக்க வழியில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் கடல் காற்றில் பூஞ்சை எவ்வளவு சுலபமாகப் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கோடியக்கரை:

பூஞ்சை உண்மைதான். அதனால் பார்க்கத் தெரிந்து வாங்க வேண்டும். நான் பார்க்கும் விதம்: ஜூமை முழுவதும் நீட்டி, மடக்கி, திரும்ப நீட்டிப் பார்ப்பேன். நடுவில் திக்கினாலோ கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தாலோ வேண்டாம் என்று எழுந்துவிடுவேன். முழுதாக நீட்டிய நிலையில் லென்ஸ் குழலை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும், துளி ஆட்டம் சகஜம், லொட லொடவென்று இருக்கக் கூடாது. போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்தால் சிலந்தி வலை மாதிரி தெரிகிறதா என்று பார்க்கலாம், அதுதான் பூஞ்சை. கடைசியாக வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்து, கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். நேரில் பார்க்காமல் கூரியரில் வாங்கும் பேச்சே கிடையாது.

புதியது வாங்கினாலும் பில்லைப் பாருங்கள். என் நண்பர் ஒருவர் ஆன்லைனில் ஒரு கடையில் விலை குறைவு என்று வாங்கினார். பெட்டியில் இந்திய வாரண்டி அட்டை இல்லை. சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள்.

மன்னார்க்காரன்:

பழையது இவ்வளவு ஓடுவதற்குக் காரணம், புதிதாக வருவது குறைவு. 2010இல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கமராக்கள் அனுப்பினார்கள். 2023இல் 80 லட்சம்கூட இல்லை. எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது. நீண்ட ஜூம் மட்டும்தான் கைபேசிக்குள் இன்னும் அடங்காத சாமான்.

பொருநைக்கரை:

சரி, பி950 என்று ஏறக்குறைய முடிவு. பழைய பி900ஐயும் விட மனமில்லை. கடைக்கு அப்பாவை அழைத்துப் போய்க் கையில் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். கடையில் எதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்?

கூழைக்கடா:

கடைக்குள் எதையும் படம் எடுக்க வேண்டாம், ஒன்றும் தெரியாது. வாசலுக்குப் போய்விடுங்கள்.

எதிரே தூரத்தில் ஒரு பெயர்ப்பலகை, செல்போன் டவர், ஏதாவது. முதலில் கண்ணாடியோடு வியூஃபைண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரிகிற இடம் வருகிறதா என்று பார்க்கலாம். அப்பா பைனாகுலருக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறவரா, போட்டபடியே பார்ப்பவரா என்பதையும் கவனியுங்கள், கேமராவிலும் அதே பழக்கம்தான் வரும்.

அப்புறம் முழு ஜூமில் அந்த டவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வானம்தான் தெரியும்! எல்லோருக்கும் ஆரம்பத்தில் இந்தத் தொல்லை உண்டு. பி950இல் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று பின்வாங்கி அகலமாகக் காட்டும். பறவையை நடுவில் கொண்டுவந்து பொத்தானை விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். கேனான் எஸ்எக்ஸ்70இலும் இதே வேலைக்கு ஒரு பொத்தான் உண்டு. அப்பாவின் விரலுக்கு எது எட்டுகிறது, எது பழகுகிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பொத்தானுக்குத்தான் பாதிக் காசு.

இன்னொன்று, முழு ஜூமில் 5 மீட்டருக்குள் இருப்பதில் ஃபோகஸ் ஆகாது. கை எட்டும் தூரத்தில் தேன்சிட்டு வந்தால் ஜூமைக் குறைக்க வேண்டும். இது கோளாறு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லென்ஸ்தாத்தா:

கைநடுக்கத்துக்கு: முக்காலி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வாரத்தில் பரணுக்குப் போய்விடும். பழைய பேன்ட் துணியில் ஒரு பை தைத்து முக்கால் அளவுக்குக் கொண்டைக்கடலை நிரப்பித் தைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரிலோ பைக் சீட்டிலோ போட்டு, அதன் மேல் லென்ஸை அமுக்கி வைத்தால் கல் மாதிரி நிற்கும்.

பொருநைக்கரை:

போய் வந்தோம். எஸ்எக்ஸ்70 கையில் எடுத்ததும் "இது லேசு" என்று அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. எதிர்க் கட்டிட மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருந்த எழுத்தை இரண்டிலும் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். கேனானில் கம்பெனிப் பெயர் தெரிந்தது. நிக்கானில் அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தும் தெரிந்தது. "பட்டை எழுத்துப் படிக்கணும்னா இதுதான்" என்று அப்பாவே முடிவு செய்துவிட்டார். பி1000ஐயும் தூக்கிப் பார்த்தார், உடனே கீழே வைத்துவிட்டார்.

பி950 வாங்கியாயிற்று. இந்திய வாரண்டி அட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுத்தோம். கூடவே என்ன வாங்க வேண்டும்? முதலில் என்ன செட்டிங் வைப்பது?

கூழைக்கடா:

வாழ்த்துகள்! ஒரு கூடுதல் பேட்டரி கட்டாயம். ஒரு சார்ஜுக்கு 290 படம் என்பது கம்பெனிக் கணக்கு, ஜூமை ஓட்டிக்கொண்டே இருந்தால் அதற்கும் முன்பே தீரும். கேமராவுக்குள் வைத்துத்தான் சார்ஜ் ஏறும், அதனால் தனி சார்ஜரும் இருந்தால் வசதி. கார்டு 64 ஜிபி, மேலே வி30 என்று (எழுதும் வேகத்தின் குறி) போட்டிருப்பதாகப் பாருங்கள். முன்பக்கம் 67 மி.மீ. ஃபில்டர் போடலாம், ஆனால் மலிவான ஃபில்டர் முழு ஜூமில் படத்தைக் கெடுக்கும். போடாமலே இருக்கலாம். வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு வையுங்கள்.

செட்டிங்குக்கு மேல் சக்கரத்திலேயே பறவைப் படம் போட்ட ஒரு நிலை இருக்கிறது. ஆரம்பத்தில் அதில் வைத்து எடுக்கட்டும். கை பழகிய பிறகு எஸ் நிலைக்கு (ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது) மாறி, உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டாமல் பூட்டிவிடுங்கள். ஃபோகஸ் நடுவில் ஒரே ஒரு சின்னக் கட்டம். கேமராவே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டால் முன்னால் இருக்கும் கோரைப்புல்லைத்தான் பிடிக்கும். ஒரு பறவைக்கு ஒரு படம் போதாது. நெளியும் காற்றில் ஏழெட்டு எடுத்தால் ஒன்று தெளிவாக விழும்.

பொருநைக்கரை:

அப்பா முதல் நாள் போய் வந்துவிட்டார். வரித்தலை வாத்து கிடைத்தது, பட்டை இல்லாதது. அலகும் தலையில் இரண்டு கோடுகளும் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் கரண்டிவாயனும் வெள்ளைக் கொக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி, இறகே தெரியாமல் வெளுத்துப் போய் வந்திருக்கின்றன. அது ஏன் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

லென்ஸ்தாத்தா:

கருத்த தண்ணீருக்கு முன்னால் வெள்ளைப் பறவை. கேமரா தண்ணீரைப் பார்த்து "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பிளஸ், மைனஸ் போட்ட பொத்தானை அழுத்தி மைனஸ் 0.7இல் வைக்கச் சொல்லுங்கள். காலை வெயில் நேராக அடித்தால் மைனஸ் 1. வாத்துப் பக்கம் திரும்பும்போது மறக்காமல் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் வாத்து கறுத்துவிடும்.